கோயில் மடுவுக்கு மீன் அழைத்தது

எட்டாவது வரை மட்டும் படித்த நான் எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். எனக்குப் பேசுவதற்கே கூச்சம். ஆனால் ஆற்றில் இறங்கி நின்று மீன்களை வாய்விட்டு அழைத்தவன் நான்தான். அதை நானே சொல்வதுதான் முறை.

கொல்லிமலையில் எங்கள் ஊர்க் கோயிலுக்கு முன்னால் ஆற்றில் ஒரு மடு உண்டு. அதிலுள்ள மீன்கள் சாமிக்குச் சொந்தம், யாரும் பிடிக்கக் கூடாது. கோயிலுக்கு வருகிறவர்கள் அவற்றுக்குப் பொரி வாங்கிப் போடுவார்கள். அந்தப் பொரிக்கடை என்னுடையது. காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து பஸ்ஸில் மூட்டை ஏற்றி வருவேன். எங்கள் சோறு அதில்தான்.

மடுவுக்குக் கீழே தடுப்பணை கட்டிய பிறகு, மழைக்கு எதிரேறி வரும் மீன்கள் சுவரில் முட்டி அங்கேயே நின்றுவிட்டன. நீர்நாய் ஒன்று சுவரடியில் குடியேறி, அலையாமல் தின்றது. மடுவில் மீன் இல்லை. கடையில் பொரி நமுத்துப்போனது.

ஊர்க்கூட்டத்தில் எல்லோரும் நீர்நாயைத் திட்டினார்கள். சுவரை யாரும் திட்டவில்லை. ஊரே மனுப் போட்டு வாங்கிய சுவர் அது.

“மீனை டிரம்முல எடுத்து மேல உட்டா என்னங்க?” என்றாள் என் மனைவி.

“சாமி மீனைப் பிடிச்சா தண்டம் கட்டோணும்” என்றார் ஊர்க்கவுண்டர். கொஞ்சம் யோசித்து, “அவங்களா ஏறிக்கிட்டா அது பிடிச்சதாகாது. மரியாதையாக் கூப்பிடோணும். மீன் திங்காத ஆளு கூப்பிட்டாத்தான் நம்பி வருவாங்க” என்றார்.

ஊரில் மீன் தின்னாதவன் நான் ஒருவன்தான். எனக்கு வாடை ஆகாது.

வெள்ளிக்கிழமை சுவரடியில் டிரம்மைச் சாய்த்து, உள்ளே பொரி போட்டு நின்றேன். சுவர் மேல் ஊரே உட்கார்ந்திருந்தது.

“சத்தமாக் கூப்பிடு கண்ணு, அவங்களுக்குக் கேக்க வேண்டாமா?” என்றார் கவுண்டர்.

“வாங்க... ஏறுங்க சாமி” என்றேன்.

“என்னையப் பொண்ணு பாக்க வந்தப்பக்கூட இவ்வளவு பேசலீங்களே!” என்றாள் மனைவி. சுவர் முழுக்கச் சிரிப்பு.

மீன்கள் வந்தன. பொரியைக் கொறித்தபடி ஒவ்வொன்றாக உள்ளே போயின. எல்லோரும் கண்ணை மூடிக் கும்பிடச் சொன்னார் கவுண்டர். மூடினோம். டிரம் தடதடவென்று ஆடியது. கண்ணைத் திறந்ததும் டிரம்மின் வாயில் துண்டைக் கட்டி நானும் மனைவியும் தூக்கினோம்.

“ரொம்பக் கனமுங்க” என்றேன்.

“சாமி மீனு பின்ன லேசாவா இருக்கும்? குதிக்கறாங்க பாரு, சந்தோசம்!” என்றார் கவுண்டர்.

மடுவில் கவிழ்த்தோம். வயிறு புடைத்த நீர்நாய் வெளியே வந்தது. அதற்குப் பின்னால் ஒரே ஒரு மீன் குஞ்சு. நீர்நாய் ஒரு சுற்று நீந்திவிட்டு, கோயிலைப் பார்த்த பாறையில் ஏறி மீசையை நக்கிக்கொண்டது.

யாரோ கல்லெடுத்தார்கள். கவுண்டர் தடுத்தார். “மடுவுல இருக்கறது அத்தனையும் சாமிக்குச் சொந்தம். மரியாதையாக் கூப்பிட்டு வந்தவங்களைத் தொரத்தறதா?”

“அப்போ பொரியை இனி யாருக்குங்க விக்கறது?” என்று மனைவி கேட்டாள்.

மறுநாள் நீர்நாயைப் பார்க்கக் கூட்டம் வந்தது. மதியத்துக்குள் பொரி தீர்ந்துவிட்டது. நீர்நாய் பொரி தின்னவில்லை.