ஐயாயிரத்து நான்கு

தண்டர் பே நகரில் வீட்டு ஹீட்டர்களைப் பழுதுபார்ப்பவர் ரெய்னோ லாக்சோ. ஊரையெல்லாம் சூடாக்கிவிட்டு வந்து சொந்த வீட்டு ஜன்னலைத் திறந்து வைப்பார். கம்ப்யூட்டருக்குப் புழுங்கக் கூடாதாம். அந்த ஜன்னலோடு எட்டுக் குளிர்காலம் போராடித் தோற்றவர் அவர் மனைவி டார்லீன்.

ரெய்னோவுடையது, வேகத்தைக் கூட்ட விடாமல் கம்பெனி பூட்டுப் போட்ட பிராசசர். பூட்டில்லாதது தொண்ணூறு டாலர் கூடுதல். கொடுத்திருக்கலாம், ஆனால் திறந்த வீட்டுக்குள் நுழைவதில் என்ன வீரம்? வேகம் என்பது நூறை முப்பத்தாறால் பெருக்கினால் வருவது. கம்பெனி அந்த முப்பத்தாறைப் பூட்டியிருந்தது. நூறை நூற்று முப்பத்தொன்பதாக ஏற்றிவிட்டால்? ஐயாயிரத்து நான்கு மெகாஹெர்ட்ஸ். அதற்கு வழிவிடும் பயாஸ், அதாவது போர்டை இயக்கும் அடிப்படை மென்பொருள், ஒன்றை மதர்போர்டுக்காரர்கள் வெளியிட்டார்கள். யார் அதட்டினார்களோ, சில வாரத்தில் சத்தமில்லாமல் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ரெய்னோவின் போர்டில் மட்டும் பழையது பத்திரமாக இருந்தது.

பூட்டிய பிராசசர்காரர்களுக்கு இணையத்தில் ஒரு மன்றம். நாற்பது உறுப்பினர்கள், யார் எவ்வளவு தொட்டார் என்று படத்தோடு ஒரு பட்டியல், ஒரு நாட்டை ஆளப் போதுமான விதிகள். ஐயாயிரத்தைத் தொட்டவர் யாருமில்லை. தொடுவதற்காகவே ரெய்னோ உயிர்வாழ்ந்தார். குளிர்ப் பிரதேச விதியை எழுதியவரும் அவரே: உறைந்த கம்ப்யூட்டர்ப் பெட்டியை வீட்டுக்குள் கொண்டுவந்தால் போர்வை சுற்றி நாலு மணி நேரம் வை. அதற்குள் ஓட்டினால் உள்ளே நீர் கோத்துப் பெட்டி செத்துப்போகும்.

ஜனவரி ஞாயிறு, பிற்பகல். வெளியே மைனஸ் முப்பத்தொன்று. சூடேறாமலிருக்கக் கராஜின் குளிரில் வைத்து ஓட்டிய பெட்டியில் எண் ஐயாயிரத்து நான்கில் நின்றது. படமெடுக்கக் கைபேசியை எடுத்தார்; குளிரில் அது முன்பே அணைந்திருந்தது. இணையம் கராஜ் வரை எட்டாது. பெட்டியை அணைத்து வீட்டுக்குள் தூக்கிவந்து, போர்வை சுற்றி வைத்தார்.

டார்லீன் படுக்கையில், மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு. நுரையீரலில் புற்று. இன்னும் சில வாரங்கள்தான் என்று சொல்லியிருந்தார் டாக்டர்.

"என்னய்யா, பொணத்தைச் சுத்துற மாதிரி சுத்தி வச்சிருக்க?"

"தொட்டுட்டேன்டி. அஞ்சாயிரத்து நாலு."

"பொய்."

"சத்தியமா. நாலு மணி நேரம் பொறு, காட்டுறேன்."

"நாலு மணி நேரமா? மூணு மணிக்கு நர்ஸ் வந்து ஊசி போடுவா. அப்புறம் நான் எங்க முழிச்சிருப்பேன்? இப்பக் காட்டு. ஜன்னலையும் தொறந்து விடு, உன் ராசாவுக்கு வேர்க்கும்ல."

ரெய்னோ போர்வையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். விதியை எழுதியவருக்கு விதி தெரியாமலில்லை. நாற்பது பேருக்கும் பாடம் சொன்னவர், இருபதாவது நிமிடத்தில் போர்வையை உருவிவிட்டு சுவிட்சைப் போட்டார்.

திரையில் எண் வந்தது. டார்லீன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மளிகை விலை படிப்பதுபோல் ஒவ்வொன்றாகப் படித்தார். "அஞ்சு... சைபர்... சைபர்... நாலு. அட கிறுக்கா! நெசமாத்தான்யா!"

பதினோரு விநாடி. பெட்டிக்குள் சின்னதாய் ஒரு சத்தம், கருகல் வாசனை, திரை இருண்டது.

ரெய்னோ சுவிட்சை மறுபடி தட்டிப் பார்த்தார்.

"போச்சா?"

"போச்சு."

"படம் எடுத்தியா?"

"இல்ல."

டார்லீன் சிரிக்கப் போய் இருமினார். இருமல் அடங்க வெகுநேரமாயிற்று. "நான் பாத்துட்டேன்ல. எவனாவது கேட்டா எங்கிட்ட அனுப்பு."

ஒன்பதாம் நாள் அவர் இறந்தார்.

புது போர்டு வாங்கலாம்தான். ஆனால் இப்போது வருவதெல்லாம் வழியை அடைத்த பயாஸோடுதான் வருகிறது. மார்ச்சில் ரெய்னோ மன்றத்தில் ஒரே வரி எழுதினார்: ஐயாயிரத்து நான்கு, ஜனவரி.

பட்டியலைக் காப்பவர் விதிப்படி கேட்டார்: "ஆதாரம்?"

"ஒருத்தர் பாத்தாங்க."

"அவரைப் பதிவிடச் சொல்லுங்க."

இரண்டு நாள் கழித்து ரெய்னோ மன்றத்தைத் திறந்தார். பழைய எண்ணையே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். பட்டியலில் அவர் இன்றும் நான்காயிரத்து எண்ணூற்று அறுபது; ஆறாவது இடம்.