மாங்காயும் ஆறும்

மைசூர் மண்டி மொஹல்லா பகுதியில், முன்பு நான் வேலை பார்த்த தையல் கடைக்குள் நுழைகிறேன். பெங்களூர் பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. கோடைக்காலமாதலால் மேஜை நிறையப் பள்ளிச் சீருடைகள் குவிந்து கிடக்கின்றன.

"அக்கா, வாங்க வாங்க!" ரெஜினா மிஷினை நிறுத்திவிட்டு ஓடிவருகிறாள். மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய்த் துண்டுகளை ஆளுக்குப் பாதியாகப் பங்கு போடுகிறாள். மத்தியானம் இப்படி மாங்காய் தின்று சிரித்துக்கொண்டே எத்தனை சட்டைகள் தைத்திருப்போம்!

நான் இங்கே வேலை பார்த்த நான்கு கோடைகளிலும், ஞாயிற்றுக்கிழமையானால் கடைப் பெண்கள் எல்லோரும் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு ஆற்றில் குளிக்கப் போவார்கள். ரெஜினா என்னைத் தவறாமல் கூப்பிடுவாள். தலைவலி என்றோ துணி துவைக்க வேண்டும் என்றோ சொல்லி அறையிலேயே இருந்துவிடுவேன்.

"இப்பவும் ஆத்துக்குப் போறீங்களா?"

"எங்கக்கா? ரெண்டு பேருக்குக் கல்யாணம் ஆயிடுச்சு, மத்தவங்க பெங்களூர் போயிட்டாங்க. கடையில பழைய ஆளு நான் ஒருத்திதான்." கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்கிறாள்: "நீங்க ஏங்க்கா ஒருநாள்கூட வரல?"

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? "தண்ணின்னா எனக்குப் பயம், ரெஜினா. சொன்னா எல்லாரும் சிரிப்பீங்கன்னு சொல்லல."

அவள் சிரிக்கவில்லை.

"எனக்கும் பயம்தாங்க்கா. அவங்க குளிச்சு முடிக்கிற வரைக்கும் கரையில தனியா ஒக்காந்திருப்பேன். நீங்க வந்தா பேச்சுத்துணைக்கு ஆவும்னுதான் அத்தன தடவ கூப்பிட்டேன்."

பஸ்ஸுக்கு நேரமாகிறது. எனக்கு எழுந்திருக்க மனம் வரவில்லை.