எரிக்காமல் விட்ட முட்டைகள்

என் ஆராய்ச்சி ஒரு குளவியைப் பற்றியது. குளவி என்றதும் கொட்டுமா என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். கொட்டாது. எள்ளை நாலாக உடைத்தால் ஒரு துண்டு எவ்வளவு இருக்குமோ, அவ்வளவுதான் அது. நெல்லில் குருத்துப்பூச்சி வைக்கும் முட்டைக்குள் இது தன் முட்டையை வைத்துவிடும். புழு வரவேண்டிய இடத்திலிருந்து குளவி வரும். இதை எழுதித்தான் பட்டம் வாங்கினேன், விலங்கியல் ஆசிரியை ஆனேன். உங்கள் ஆய்வால் என்ன பயன் விளைந்தது என்று கல்லூரியில் வருடாவருடம் கேட்பார்கள். நானும் கூசாமல் எதையாவது எழுதிக் கொடுப்பேன். ஆனால் பூதப்பாண்டி வயல்களில் ஒருவர்கூட என் பேச்சைக் கேட்டு மருந்தடிக்காமல் இருந்ததில்லை. அது என்னை உள்ளுக்குள் குடைந்துகொண்டே இருந்தது.

எங்கள் பக்கம் நெல் போகத்தைப் பூ என்பார்கள். போன கும்பப்பூ நடவு முடிந்த சமயம் ஒரு விவசாயி அகப்பட்டார். பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, வயல் எடுத்துப் பயிரிடுகிறவர். முந்தின விளைச்சலில் பாதி குருத்துப்பூச்சியால் பதராகிப் போயிருந்தது. இந்த முறையும் இலை நுனியெல்லாம் முட்டை. மருந்து வாங்கி வைத்துவிட்டார்.

“இலை நுனியைக் கிள்ளி வச்சுப் பாப்போம். முட்டைக்குள்ள குளவி இருந்தா மருந்து வேண்டாம். அடிச்சா குளவியும் செத்துப்போகும்” என்றேன்.

“டீச்சர், இந்தப் பூவும் போச்சுன்னா நான் கன்னியாகுமரில லாட்ஜுக்கு வாட்ச்மேனாப் போகணும் பாத்துக்கிடுங்க. ஒரு வாரம் பொறுப்பேன். அதுக்கு மேல கேக்காண்டாம்.”

மறுநாள் எனக்குப் பரீட்சை மேற்பார்வை. என் இரண்டாமாண்டு மாணவிகள் நாலு பேரை அனுப்பி, முட்டை உள்ள இலை நுனிகளைச் சேகரிக்கச் சொன்னேன். மதியம் போனில் ஒரு படம் வந்தது. வரப்பில் நெருப்பு, நெருப்பைச் சுற்றி நாலு சிரித்த முகங்கள். கிள்ளிய நுனி அத்தனையையும் சேகரித்து, எரித்திருந்தார்கள்!

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. “யாரு எரிக்கச் சொன்னது?” என்று போனில் கத்தினேன்.

“பாடத்துல அப்படித்தானே மிஸ் போட்டிருக்கு?”

போட்டிருக்கிறது. முட்டைக் குவியல்களைச் சேகரித்து அழிக்க வேண்டும் என்று அப்படியே எழுதினால் முழு மதிப்பெண். சேகரித்து என்று பாதி சொன்னால் போதும், நம் பிள்ளைகள் அழித்து என்று மீதியை முடித்துவிடுவார்கள். எரிந்தவற்றில் எத்தனை குளவி போயிற்றோ.

சாயங்காலம் அந்த நால்வரில் ஒருத்தி ஆய்வகத்துக்கு வந்தாள். கையில் தண்ணீர் பாட்டில், அதன் வாயில் கைக்குட்டை கட்டியிருந்தது. உள்ளே இலை நுனிகள்.

“மிஸ், நான் மட்டும் கொஞ்சத்தை எரிக்கல. அந்த முட்டை மேல பழுப்பா ரோமம் மூடியிருக்குல்லா, அதுக்கு அடியில என்ன இருக்குன்னு பாக்கணும்போல இருந்துச்சு. இன்டர்னல் மார்க்குல குறைச்சிராதீங்க மிஸ்.”

அவளைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. ஆசிரியை என்ற கெத்து தடுத்துவிட்டது. “நல்ல காரியம் செஞ்ச” என்று மட்டும் சொன்னேன்.

முதலில் வந்தது புழு. நூல் நூலாகப் பாட்டில் சுவரில் ஏறியது. கெடு முடிந்த அன்று விவசாயி நேரே கல்லூரிக்கே வந்துவிட்டார். பையில் மருந்து பாட்டில். புழுவைப் பார்த்ததும், “நான் அப்பவே சொன்னேம்லா?” என்று திரும்பி நடந்தார். பின்னாலேயே ஓடினேன். குளவி புழுவுக்குப் பிறகுதான் வரும், இன்னும் இரண்டு நாள் என்று கெஞ்சினேன். எந்தக் கருத்தரங்கிலும் நான் அப்படிக் கெஞ்சியதில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, மருந்துப் பையின் வாயைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு போனார்.

இரண்டாம் நாள் காலை அந்த மாணவிதான் முதலில் பார்த்தாள். “மிஸ், பொடி பறக்கு!” கைக்குட்டையின் உள்பக்கம் கறுப்புப் பொடி. பொடி நடந்தது, பறந்தது. விவசாயியைக் கூப்பிட்டு லென்ஸ் வழியாகக் காட்டினோம். ஒரு முட்டையில் ஓட்டை விழுந்து, ஒரு தலை வந்து, பிறகு கால் வந்தது. அவர் வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

“இத நம்பி ஒரு பூவை விடச் சொல்லுகீங்க” என்றார். புழுவும் வந்திருக்கிறதே, குளவி முழுக்கக் காப்பாற்றுமா என்று கேட்டிருந்தால் என்னால் அடித்துச் சொல்லியிருக்க முடியாது. அவர் கேட்கவில்லை. மருந்தும் அடிக்கவில்லை. மாசி அறுப்பு வரை நான் நிம்மதியாகத் தூங்கவில்லை. அங்கங்கே மணி பிடிக்காத வெண்கதிர் விழுந்தது. ஆனால் நெல் வீடு வந்து சேர்ந்தது.

அறுப்பு முடிந்து கொஞ்ச நாளில் அவரே போன் செய்தார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

“டீச்சர், நெல்லும் இல்ல, முட்டையும் இல்ல. அடுத்த பூ வரைக்கும் இந்தக் குளவி எங்க போய்க் கெடக்கும்?”

இத்தனை வருடத்தில் அறுப்புக்குப் பிறகு இந்த வயல்களில் நான் அதைத் தேடிப் பார்த்ததே இல்லை. தெரியாது என்றேன்.

“வரப்புப் புல்லுல இருக்குமோ என்னமோ. நான் இன்னும் செதுக்கல பாத்துக்கிடுங்க. காடு மாதிரி வளந்து கெடக்கு, ஊர்ல எல்லாரும் சிரிக்கானுவ. சீக்கிரம் பாத்துச் சொல்லுங்க.”