விலை இறங்கக் காத்திருந்தவர்

கணினி பொருத்தி விற்கும் எங்கள் தொழிலில், வருகிற ஒவ்வொருவரும் இரண்டு கணினிகளோடு வருகிறார்கள்: மனசில் இருப்பது ஒன்று, கையிலிருக்கும் பணத்துக்கு வருவது ஒன்று. நீங்களும் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று தலையைச் சொறிந்தவர்தான் என்றால் பாஸ்கரை உங்களுக்குப் புரியும்.

பாதி விலை

தி. நகரில் எங்கள் கடைக்கு அவர் வந்தது ஒரு சனிக்கிழமை. வடபழனியில் ஓர் எடிட்டிங் அறையில் உதவியாளர். வீடு நொச்சிக்குப்பம். அப்பா படகில் போவதையும் வலை இழுப்பதையும் இரவல் கேமராவில் எடுத்து வைத்திருந்தார். அப்பா இப்போது இல்லை. எடுத்ததையெல்லாம் ஒரு படமாகத் தொகுக்க வீட்டில் ஒரு கணினி வேண்டும்.

எதெது வேண்டும் என்று அவருக்கே தெரிந்திருந்தது. விலையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார். பழைய பிராசஸர், பாதி ரேம், பாதி விலை என்றேன்.

"நாள் பூரா சீரியல் வெட்டறதுக்கு சூப்பர் மிஷின் குடுத்துக்கீறாங்கணா. எங்கப்பாவுக்கு மட்டும் மட்டமானதா?"

தங்கமும் ரேமும்

எங்கள் கொட்டேஷனுக்கு ஆயுள் ஒரு நாள். இன்று சொன்ன விலை நாளைக்குச் செல்லாது. சம்பளம் வந்ததும் பாஸ்கர் வருவார், ரேம் விலை கேட்பார். அது அவர் சேர்த்ததைவிட வேகமாக ஏறியிருக்கும். கண்ணாடி அலமாரியில் இருக்கும் கிராபிக்ஸ் கார்டைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். பில் போடும் கோமதிக்கு வாய் சும்மா இருக்காது.

"இன்னா தம்பி, பக்கத்துத் தெருவுல தங்கம் வெல கேக்க வர்றவங்ககூட ஒரு மூக்குத்தியாவது வாங்கினு போறாங்க!"

அப்புறம் போட்டுக்கலாம்

கடைசியில் எல்லோரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். நான்கு ரேம் பொருத்தக்கூடிய நல்ல மதர்போர்டு. அதில் ஒரே ஒரு ரேம். மிச்சம் அப்புறம். கிராபிக்ஸ் கார்டும் அப்புறம். இந்த 'அப்புறம்' என்ற சொல்லை நம்பித்தான் நல்ல போர்டுகள் விற்கின்றன. காலி இடத்தை நிரப்பத் திரும்பி வந்தவர்கள் குறைவு.

பொருத்தி முடித்ததும், ஓடுகிறதா என்று பார்க்க அவருடைய ஹார்டு டிஸ்கையே செருகினோம். திரையில் விடியற்காலைக் கடல். அவர் அப்பா வலையை இழுக்கிறார். ஒரே ரேமில் படம் திணறியது; இழுத்த கை பாதியில் நின்றது. கொஞ்சம் நகர்ந்தது. மறுபடி நின்றது. கோமதியும் எழுந்து வந்து பார்த்தாள். எனக்குத்தான் மானம் போனது. "கழட்டிடறேன் தம்பி. விலை இறங்கட்டும், நல்லதாவே வாங்கிக்குங்க" என்றேன். பாஸ்கர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வேணாம்ணா. எங்க எடிட்டிங் ரூம் மிஷின்ல ஒரு தபா போட்டுப் பாத்தேன், சட்டுனு போய்ட்டாரு. இதுல கொஞ்ச நேரம் நின்னுகினு கீறாரு."

வேகத்தை விற்றுப் பிழைக்கும் என்னிடமிருந்து, மெதுவாக ஓடுகிறது என்பதற்காகவே ஒருவர் எடுத்துக்கொண்டு போன கணினி அது ஒன்றுதான்.