லைன் சரியில்லை போல

குடிநீர் அலுவலகத்தின் புகார் பிரிவில் எனக்கு அடுத்த நாற்காலி, நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிடுபவருடையது. போன வருஷம் வண்டியிலிருந்து விழுந்து தலையின் வலப்பக்கம் பலத்த அடி. மூன்று மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினார். பேச்சு, கணக்கு, ஞாபகம் எல்லாம் பழையபடி. ஒன்று மட்டும் புதிது: யார் திட்டினாலும் அசரவில்லை. நாலு நாளாகத் தண்ணீர் வராதவர் போனில் தொண்டை கிழியக் கத்துவார். "லைன் சரியில்லை போல, சத்தமாப் பேசுறாரு" என்று எங்களிடம் சொல்லிவிட்டு, தெருப் பெயரை நிதானமாக எழுதிக்கொள்வார். 'பாறாங்கல்' என்று பெயர் வைத்தோம். வாய்க்கு வந்தபடி ஏசும் ஆசாமிகளையெல்லாம் அவர் பக்கமே தள்ளிவிட்டோம். நானும்தான், பொய் சொல்வானேன்.

வெளியூரில் படிக்கும் அக்காவின் மகளுக்குத்தான் இது தாங்கவில்லை. தினமும் போன் செய்தவள் வாரம் ஒருமுறை ஆக்கினாள். அம்மாவுக்கு இப்போதெல்லாம் தன் மேல் பாசமே இல்லை என்றாளாம். அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பாசம் இருந்த இடத்திலேயேதான் இருந்தது. பிறகு எங்கே கோளாறு? அதைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று மருத்துவமனைக்குக் கிளம்பினார். துணைக்கு நான்.

பரிசோதிக்கும் பெண் முதலில் முகங்களின் படங்களைக் காட்டினார். கோபம், பயம், அருவருப்பு என்று அக்கா டக்டக்கென்று சொன்னார். இருபதுக்குப் பத்தொன்பது. மனசுக்குள் விளையாடிப் பார்த்த எனக்குப் பதினாறுதான். அடுத்து ஒலிப்பதிவு. "புத்தகம் மேஜை மேல இருக்கு" என்ற ஒரே வாக்கியம், ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு தினுசில். ஒன்றில் குரல் தழுதழுத்தது, அழுகையை அடக்கிக்கொண்டு சொல்வதுபோல. அக்கா என்னிடம் திரும்பி, யாராவது அந்தப் புத்தகத்தை எடுத்துத் தொலைத்தால் என்ன என்றார்.

இருபதுக்கு நாலு. காதில் குறையில்லை, குரலில் இருக்கும் உணர்ச்சிதான் பிடிபடவில்லை, அடிபட்ட இடம் அப்படி என்று அந்தப் பெண் பொறுமையாக விளக்கினார். அக்கா கைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

"அப்போ என் பொண்ணு போன்ல 'நல்லா இருக்கேன்'னு சொன்னதெல்லாம்?"

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்த கையோடு மகளை வீடியோவில் கூப்பிட்டார். திரையில் கூரை மட்டும் தெரிந்தது. நல்லாத்தான் இருக்கேன் என்றது குரல். முகத்தைக் காட்டச் சொன்னார். காட்டினாள். அக்கா ஒரு பார்வைதான் பார்த்தார்.

"எத்தனை நாளாடி இப்படி?"

"நாலு மாசமா. ஒவ்வொரு தடவையும் அழுகையை அடக்கிக்கிட்டுதான்மா பேசினேன். நீ 'சாப்பிட்டியா'ன்னு கேட்டுட்டு வச்சிட்ட."