தண்ணீர் செய்த வேலை

"அங்கிள், மம்மி காலையில போயிட்டாங்க. தூக்கத்துலயே. நீங்க அழுதா மம்மிக்குப் பிடிக்காது." அல்வாலிலிருந்து ஸ்டெல்லா மேடத்தின் மகள் தொலைபேசியில் சொன்னாள். அழவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்று முழுவதும் அவரை நினைத்துச் சிரித்ததுதான் அதிகம்.

கல்லூரியின் வேதியியல் துறையில் எங்கள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. ரயில்வே பணிமனைக் குடும்பத்துப் பெண் அவர். ஐம்பத்து மூன்று வயதில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தார். "இப்ப எதுக்கு மேடம்?" என்றேன். "ரிடையர்மெண்ட் பேனர்ல டாக்டர்னு போடணும் சார். வெறும் மேடம் நக்கோ!" வேண்டாம் என்பதற்கு எங்கள் ஊர் உருதுவில் 'நக்கோ'.

அவர் எடுத்த பொருள் விசித்திரமானது. கோலின் குளோரைடு, யூரியா இரண்டும் வெள்ளைப் பொடிகள். சேர்த்துச் சூடாக்கினால் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமலே திரவமாகிவிடும். "தனித்தனியா ரெண்டும் கல்லு. சேர்ந்தா இளகிடும். நம்ம ஸ்டாஃப் ரூம் மாதிரி" என்பார் மாணவர்களிடம். ஆனால் அந்தத் திரவம் தேனைப் போல ஓடத் தயங்கும். ஆல்கஹால் கலந்தால் தயக்கம் குறையும். எவ்வளவு கலந்தால் எவ்வளவு குறையும் என்பதுதான் ஆய்வு. மெல்லிய கண்ணாடிக் குழாயில் திரவம் இறங்கும் நேரத்தை ஸ்டாப்வாட்ச்சோடு உட்கார்ந்து அளப்பார். பொடியை நிறுத்துக் கொடுப்பது என் வேலை.

ஒரு செப்டம்பரில், ஆல்கஹால் கலக்காத திரவத்தைச் சும்மா மறுபடி அளந்து பார்த்தார். முன்பைவிட வேகமாக இறங்கியது. நான்தான் காரணம். ஒவ்வொரு முறையும் எடையைக் குறித்துக்கொள்ளும் வரை கோலின் குளோரைடு டப்பாவைத் திறந்தே வைத்திருந்தேன். மழைக்காலத்தில் சமையலறை உப்பு கசியுமே, அப்படி அந்தப் பொடி ஈரத்தைக் குடித்துவிட்டது. மூன்று மாத அளவுகள் வீண்.

"சின்ன வித்தியாசம்தானே, அப்படியே கொடுத்துவிடுங்கள்" என்றார் வழிகாட்டிப் பேராசிரியர். வெளியே வந்ததும் மேடம் என்னிடம் பொரிந்தார்: "தண்ணி செஞ்ச வேலைக்கு ஆல்கஹாலுக்குப் பேரா? நக்கோ சார்!"

"தப்பு என்னோடது மேடம்."

"ஹவ், ஆமா, உங்களோடதுதான். நாளையிலேருந்து டப்பாவைக் குழந்தை மாதிரி பாத்துக்குங்க. டீ நீங்க வாங்குங்க."

பொடியை உலர்த்தி முதலிலிருந்து தொடங்கினோம். அதற்குள் மேடம் பணி ஓய்வு பெறும் நாள் வந்துவிட்டது. பேனரில் டாக்டர் இல்லை. மாலையும் கழுத்துமாக நின்றவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

சில மாதங்கள் கழித்து வாய்மொழித் தேர்வு. "ஈரம் இல்லை என்று எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள்?" என்று தேர்வாளர் கேட்டார். "ஒரு தடவை ஏமாந்தோம் சார், அதனால்தான்" என்றார் மேடம். அரங்கம் சிரித்தது. "ஏமாந்தோம்" என்றதைக் கடைசி வரிசையில் இருந்த நான் மட்டும் வேறுவிதமாகக் கேட்டேன்: என் தப்பில் தன்னையும் சேர்த்துக்கொள்கிறார். பட்டம் கிடைத்தது.

அடக்கம் முடிந்து திரும்பும்போது அவர் மகள் ஒரு பழைய ஆய்வக நோட்டைக் கையில் கொடுத்தாள். வீணான அந்த மூன்று மாதக் கணக்கு. ஒரு தாளையும் கிழிக்கவில்லை. பக்கத்துக்குப் பக்கம் குறுக்கே கோடு போட்டு, "காரணம்: மழைக்காலம்" என்று எழுதியிருக்கிறார். புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டேன். என் பெயர் எங்குமே இல்லை.