வராண்டா பெஞ்சில் இரண்டு வருடங்கள்

என் மகள் தாரிணியின் கையெழுத்து அழகாக இருக்கும். ஒன்றாம் வகுப்பிலிருந்தே அப்படித்தான். கொம்பு, கால், சுழி எல்லாம் கோட்டுக்குள் அடங்கி நிற்கும். நான் கல்யாணப் பத்திரிகைகளை வடிவமைத்துக் கொடுப்பவன். எழுத்துதான் என் பிழைப்பு. என் கை அவளுக்கு வந்திருக்கிறது என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மூன்றாம் வகுப்பில் ஒரு நாள், அவள் பாடப்புத்தகத்தைப் பார்த்து நோட்டில் எழுதியிருந்த ஒரு பக்கத்தைக் காட்டி, "இத வாசி பாப்பா" என்றேன். அவள் நோட்டைப் பார்த்தாள். என் சட்டைப் பொத்தானைப் பார்த்தாள். பிறகு "மரம்" என்றாள். அந்தப் பக்கத்தில் மரம் என்ற சொல்லே இல்லை. புத்தகத்தில் அந்தப் பாடத்துக்கு மேலே ஒரு மரத்தின் படம் இருந்தது.

மூன்று வருடமாக அவள் எழுத்துகளை வரைந்துகொண்டிருந்திருக்கிறாள். அது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அதன் பிறகு மற்றவையும் கண்ணில் பட்டன. மிக்சி ஓடினால் காதைப் பொத்திக்கொள்வாள். நாங்கள் குடியிருப்பது ஸ்ரீரங்கத்தில், சுவாமி புறப்பாடு வரும் வீதியில். மேளச் சத்தம் தெருமுனையில் கேட்டவுடன் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். ஒரே தட்டில் ஒரே தயிர்சாதம்தான் வேண்டும். விளையாட்டில் ஓரமாக நிற்பாள். கூச்ச சுபாவம், வளர்ந்தால் போய்விடும் என்று நாங்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தோம்.

தில்லை நகரில் குழந்தை வளர்ச்சி மருத்துவர் ஒருவரிடம் அழைத்துப் போனோம். மூன்று முறை வரச் சொன்னார். விளையாட வைத்தார், படம் காட்டினார், எங்களிடம் நூறு கேள்வி கேட்டார். கடைசியில் இரண்டு பெயர்களைச் சொன்னார். ஒன்று, லேசான ஆட்டிசம் (பிறரோடு பழகுவதிலும் சத்தம், வெளிச்சம், தொடுதல் ஆகியவற்றைத் தாங்குவதிலும் மூளை வேறு விதமாக இயங்கும் நிலை). மற்றொன்று, கற்றல் குறைபாடு (புத்தி இருந்தும் எழுத்தையும் அதன் ஒலியையும் இணைத்துப் படிக்க முடியாத நிலை).

"எப்ப டாக்டர் சரியாகும்?" என்று என் மனைவி சுமதி கேட்டாள்.

"இது காய்ச்சல் மாதிரி வந்துட்டுப் போறதில்லைங்க. அவ கத்துக்குவா. ஆனா அவளோட வேகத்துல, அவளோட வழியில. அந்த வழிய நாமதான் தேடிக் குடுக்கணும்."

திரும்பும்போது பஸ்ஸில் தாரிணி ஜன்னல் கம்பியை நக்காமல் இருக்க, அவள் தாடையை என் கையால் தாங்கிக்கொண்டு வந்தேன்.

பள்ளியில் மருத்துவரின் கடிதத்தைக் கொடுத்தோம். வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்த தனியார் பள்ளி. தலைமையாசிரியை கெட்டவர் இல்லை. பயந்தவர். "அம்மாவோ அப்பாவோ ஒருத்தர் ஸ்கூல்லயே இருங்க சார். ஏதாவது ஆச்சுன்னா எங்களால பதில் சொல்ல முடியாது" என்றார்.

சுமதிக்குத் திருவெறும்பூர் தொழிற்சாலை ஒன்றின் அலுவலகத்தில் நிரந்தர வேலை. காலை ஏழரைக்குக் கிளம்பியாக வேண்டும். என் வேலையை லேப்டாப் இருந்தால் எங்கிருந்தும் செய்யலாம். அதனால் நான் உட்கார்ந்தேன். நான்காம் வகுப்பு முழுவதும், ஐந்தாம் வகுப்பு முழுவதும்.

இதைப் படிக்கும் உங்களில் யாரோ ஒருவர் இந்த நேரம் அப்படி ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம். உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

பெஞ்ச் வகுப்பறைக்கு எதிரே, பள்ளி மணிக்குக் கீழே இருந்தது. ஒரு நாளைக்கு எட்டு பீரியட், ஒவ்வொன்றும் நாற்பது நிமிடம். தாரிணி மேசைக்கு அடியில் இறங்கினால் கூப்பிடுவார்கள். சட்டைக் கையைக் கடித்தால் கூப்பிடுவார்கள். சில நாள் ஒரு தடவைகூடக் கூப்பிட மாட்டார்கள். அந்த நாட்கள்தான் இன்னும் மோசம். எந்த நிமிடத்தில் கதவு திறக்கும் என்று காத்துக்கொண்டே எட்டு பீரியடும் போகும். லேப்டாப்பில் மாப்பிள்ளை பெயரைப் பெண் பெயர் இருக்கும் இடத்தில் போட்டு அச்சுக்கு அனுப்பிவிட்டேன் ஒரு முறை. அதன் பிறகு நான்கைந்து அச்சகங்கள் என்னைக் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டன.

இரண்டாம் மாதத்தில், ஓர் ஆண் வராண்டாவில் உட்கார்ந்திருப்பதைப் பற்றி மற்ற பெற்றோர் கேட்கிறார்கள் என்றார்கள். நியாயம்தான். பெஞ்சை மாடிப்படிக்குப் பின்னால் நகர்த்தினார்கள். அங்கே சுவரும் தண்ணீர்த் தொட்டியும் மட்டும்தான் தெரியும். வகுப்பின் சத்தம் கேட்கும். எந்தக் குரல் என் பிள்ளையுடையது என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

வீட்டில் ஒரு நாள் சண்டையில் சுமதி, "நீங்க அங்க சும்மா உக்காந்துதானே இருக்கீங்க" என்றாள்.

"நீ ஒரு நாள் உக்காந்து பாரு."

அவள் லீவு போட்டுவிட்டு ஒரு நாள் உட்கார்ந்தாள். சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். "தண்ணி குடிக்கக்கூட எந்திரிக்கத் தோணலைங்க" என்றாள்.

ஐந்தாம் வகுப்பின் பாதியில் ஆண்டு விழா ஒத்திகை தொடங்கியது. அன்று மூன்றாவது பீரியட் தொடங்கியவுடன் நான் போனை அணைத்தேன். வாட்ச்மேனிடம் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு அம்மா மண்டபம் பக்கம் நடந்தேன். டீக்கடையில் நிற்கவில்லை. படித்துறையில் போய் உட்கார்ந்தேன். காவிரியில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. திதி கொடுக்க வந்தவர்கள் ஈரத் துணியோடு ஏறிக்கொண்டிருந்தார்கள். நான் அங்கே யாருக்கும் தேவைப்படவில்லை.

இப்படியே எழுந்து ஏதாவது ஒரு பஸ்ஸில் ஏறிப் போய்விட்டால் என்ன என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். நீங்களும் நினைத்திருந்தால், நீங்கள் மட்டும் அப்படி இல்லை.

போனை மறுபடி இயக்கியபோது பள்ளியிலிருந்து ஒன்பது அழைப்புகள் வந்ததாகத் தகவல் இருந்தது. ஓடினேன்.

பெண் பிள்ளைகளின் கழிப்பறைக்கு முன்னால் கூட்டம். உள்ளே ஓர் அறையில் தாரிணி தாழ் போட்டுவிட்டிருந்தாள். இரண்டு ஆசிரியைகள் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். "தாரிணி, கதவத் தொற! தாரிணி!" வாட்ச்மேன் கடப்பாரையோடு வந்துவிட்டார். மைதானத்தில் டிரம்ஸ் அடித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளேயிருந்து ஒரே சீராக ஒரு முனகல் மட்டும் வந்தது.

கழிப்பறையைப் பார்த்துக்கொள்ளும் மேரி அக்கா என்னைப் பார்த்துவிட்டு, "உள்ள வேற புள்ளைங்க யாரும் இல்ல. நீங்க வாங்க சார், நான் வாசல்ல நிக்கிறேன்" என்றார்.

"எல்லாரும் போங்க, ப்ளீஸ். தட்டாதீங்க. அந்த டிரம்ஸ நிறுத்தச் சொல்லுங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மேரி அக்காதான் திரும்ப உரக்கச் சொன்னார். டிரம்ஸ் நின்றது. எல்லோரும் போனார்கள்.

கதவுக்கு வெளியே ஈரத் தரையில் உட்கார்ந்தேன். "அப்பா இருக்கேன்" என்று ஒரே ஒரு முறை சொன்னேன். பிறகு பேசவில்லை. கதவுக்குக் கீழே அவளுடைய ஷூவின் நுனி தெரிந்தது. முனகல் மெதுவாகத் தேய்ந்தது. மணி அடித்தது. இன்னொரு பீரியட் முழுவதும் போனது. தாழ் நகர்ந்தது.

"டிரம்ஸ் முடிஞ்சிருச்சா?" என்று கேட்டாள்.

"முடிஞ்சிருச்சு."

"சரி" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டாள். என்னால் எழுந்திருக்க முடியவில்லை. மேரி அக்கா கை கொடுத்துத் தூக்கிவிட்டார்.

மறுநாள் தலைமையாசிரியை, "அடுத்த வருஷத்துக்கு வேற ஸ்கூல் பாத்துக்கங்க சார். நீங்க டீ குடிக்கப் போன நேரத்துலயே இப்படி ஆச்சுன்னா..." என்று இழுத்தார். நான் டீ குடிக்கப் போகவில்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை. சுமதியிடம் சொன்னேன். போனை அணைத்ததையும், பஸ் ஏறிப் போக நினைத்ததையும் சொன்னேன். அவள் காய் நறுக்குவதை நிறுத்தினாள்.

"ஆத்தங்கரையில காத்து நல்லா இருந்துச்சா?" என்றாள்.

குத்திக் காட்டுகிறாள் என்று நினைத்தேன். இல்லை. "அடுத்த தடவ சொல்லிட்டுப் போங்க. நான் வந்து உக்கார்றேன்" என்றாள்.

மருத்துவரிடம் நடந்ததைச் சொன்னபோது, "உள்ள மாட்டிக்கிட்டான்னு நீங்க சொல்றீங்க. அவகிட்ட கேட்டீங்களா?" என்றார். நான் கேட்டிருக்கவில்லை. அவரே தாரிணியிடம் கேட்டார். "உள்ள எப்படிம்மா இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு. சத்தம் கம்மி. அப்புறம் எல்லாரும் கதவத் தட்டுனாங்க. அப்பதான் பயந்தேன்."

மருத்துவர் என்னைப் பார்த்தார். "அவளுக்கு ஸ்கூல்ல ஒரு அமைதியான எடம் வேணும். அது இல்லாததால அவளே ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கா. நீங்க பெஞ்சுல உக்கார்றது ஸ்கூலுக்கு நிம்மதி. அவளுக்கு அதனால என்ன கெடச்சுதுன்னு யோசிச்சுப் பாருங்க."

யோசித்துப் பார்த்தேன். ஒன்றரை வருடத்தில் அவளுக்கு ஒரு எழுத்துகூட யாரும் அவள் வழியில் சொல்லித் தரவில்லை. அந்தப் பள்ளியில் அவளை மேய்க்க ஆள் இருந்தது, அவ்வளவுதான்.

அதன் பிறகுதான் மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு விண்ணப்பித்தோம். அதுவரை சுமதிக்கு மனம் வரவில்லை. "பேருக்குப் பக்கத்துல இத எழுதிட்டா அப்புறம் அழிக்க முடியாதுங்க" என்பாள். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. அவள் சொல்வதால் நான் சொல்லாமல் இருந்தேன். அரசு மருத்துவமனை வராண்டாவில் ஒரு காலை முழுவதும் காத்திருந்தோம். தாரிணி சத்தத்தைக் குறைக்கும் காது மூடியைப் போட்டுக்கொண்டு தரையின் கட்டங்களை எண்ணிக்கொண்டிருந்தாள். படிவத்தில் அவள் பெயரைச் சுமதியே எழுதினாள். எழுதி முடித்து, பேனாவை மூடி, பைக்குள் வைத்துவிட்டுத்தான் அழுதாள்.

வாங்கத் தயங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். அது ஒரு காகிதம். தேர்வில் கூடுதல் நேரமும், அவள் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆளும் கேட்பதற்கு அது வேண்டும். சுவரில் மாட்டி வைக்கச் சொல்லி யாரும் கேட்பதில்லை.

ஆறாம் வகுப்புக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம், புத்தூரில் ஒரு சின்னப் பள்ளியில் இடம் கிடைத்தது. சிறப்பு ஆசிரியை (கற்றலில் சிரமம் உள்ள பிள்ளைகளுக்குத் தனிப் பயிற்சி தருபவர்) ஒருவர் அங்கே இருக்கிறார். தட்டில் மணலைப் பரப்பி, விரலால் எழுத வைத்து, அந்த ஒலியை வாயால் சொல்ல வைக்கிறார். நூலகத்தின் மூலையில் ஒரு பாய் உண்டு. சத்தம் தாங்காதபோது தாரிணி ஒரு நீல அட்டையை மேசைமேல் வைத்துவிட்டு அங்கே போய்விடலாம். யாரும் ஏன் என்று கேட்பதில்லை. இப்போது மூன்றெழுத்துச் சொற்களைத் தடவித் தடவிப் படிக்கிறாள். அவள் வயதுப் பிள்ளைகள் பக்கம் பக்கமாகப் படிக்கிறார்கள். இரண்டும் உண்மை.

முதல் நாள் அந்த ஆசிரியை, "நீங்க கெளம்பலாம் சார்" என்றார். நான் கிளம்பவில்லை. சாலைக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை ஓரத்தில் நின்றேன். கூப்பிட்டால் ஓடிவிடலாம் என்று நினைத்தேன். நான்கு நாள் அப்படி நின்றேன். யாரும் கூப்பிடவில்லை.

ஐந்தாம் நாள் காலை இடைவேளையில் தாரிணி கேட் பக்கம் வந்தாள். என்னைப் பார்த்துவிட்டாள். நான் சாலையைக் கடந்து போனேன்.

"அப்பா, நீ ஏன் இங்கயே நிக்கிற?"

"சும்மாதான்மா."

"வீட்டுக்கு வழி தெரியலையா?"

அவளுக்குக் கிண்டல் செய்யத் தெரியாது. கேட்டால் அது கேள்விதான். நான் பதில் தேடுவதற்குள் அவளே சொன்னாள். "சத்திரம் பஸ் ஸ்டாண்டு போ. ஒன்னாம் நம்பர் பஸ்ல ஏறு. பாலம் தாண்டும். ராஜகோபுரத்துகிட்ட எறங்கு. அங்கேருந்து நடந்துடலாம்." திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

அவள் சொன்னபடியே போனேன்.

இப்போது சில மாதங்கள் ஆகிவிட்டன. என் உடம்பு இன்னும் பழைய பள்ளியில்தான் இருக்கிறது. நாற்பது நிமிடத்துக்கு ஒரு முறை முதுகு தானாக நிமிர்கிறது. கடைக்குப் போனாலும் வாசலைப் பார்த்தபடி நிற்கிறேன். போன் சத்தமில்லாமல் இருந்தால் எடுத்துப் பார்க்கிறேன். மகளுக்கு வழி கிடைத்த அளவு எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

அவள் வழி சொன்ன அன்று வீட்டுக்கு வந்து, லேப்டாப்பைத் திறக்காமல் கூடத்துத் தரையில் மல்லாந்து படுத்தேன். தூங்கியிருக்கிறேன். பள்ளி விட்டிருக்கும், அவள் நின்றுகொண்டிருப்பாள் என்று பதறி எழுந்து கடிகாரத்தைப் பார்த்தேன். இருபது நிமிடம்தான் ஆகியிருந்தது. மூன்றரை வரைக்கும் முழுப் பகலும் மிச்சம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டேன்.